தொழப் போகாத நத்தார் பாப்பா

அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டையின் வாசம் சிலருக்குத் தலையிடி தரும். எனக்கு ஆட்டம் வரும். மார்கழி ஈரத்தில் ஊதிப்போன அலுமாரிக் கதவை இழுத்துத் திறந்தால், அந்த உருண்டைகளின் காரநெடியும், அதற்கடியில் பழைய முகப்பவுடரும், அதற்கும் அடியில் ஒரு மனிதரின் வியர்வையும் ஒன்றாகக் கிளம்பி வந்து மூக்கைப் பிடிக்கும். உடனே என் வலது கால் தாளம் போடத் தொடங்கும். இடது கால், “வேண்டாம், பட்டது போதாதா?” என்று கேட்கும்.

தங்களைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் ஒரு முகமூடி வாங்கி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கலாம். ஊர் மனம் திறந்து பேசும். ஆனால் திரும்பி வரும்போதும் முகமூடி முகத்திலேயே இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

என் கணவர் அமலனுக்குக் கல்முனைப் பட்டினத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மாத்திரை எண்ணிப் பழகியதாலோ என்னவோ, சொற்களையும் எண்ணித்தான் தருவார். காலையில் இரண்டு, இரவில் இரண்டு, சாப்பாட்டுக்குப் பின். நானோ தமிழ் டீச்சர். போதாததற்கு வசனகவிதை வேறு எழுதுகிறவள். கூரையில் ஒரு துளி மழை விழுந்தால் அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசுவேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்துபோய், ஒழுகும் இடத்தில் வாளியை வைப்பார்.

இந்த மனிதர்தான் வருடத்தில் ஒரு நாள் எங்கள் கோயிலின் நத்தார் பாப்பா, அதாவது கிறிஸ்மஸ் தாத்தா. (கோயில் என்றால் கத்தோலிக்கக் கோயில். எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம்.) நத்தாருக்கு முந்திய ஞாயிறு பின்னேரம் கரோல் பாடும் கூட்டம் லேண்ட்மாஸ்டர் என்கிற உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறும். பட்டினத்தில் தொடங்கி, வயல்வெளி தாண்டிச் சொறிக்கல்முனை வரை போய், திரும்பும் வழியில் மிச்ச வீடுகளையும் முடித்துக்கொண்டு, கடைசியாக எங்கள் வீட்டுக்கு வரும். சிவப்பு உடுப்பு, தலையணை வயிறு, பஞ்சுத் தாடி, ரோசாக் கன்னத்தோடு ஒரு பிளாஸ்டிக் முகமூடி. நான் ஒருநாளும் கூடப் போனதில்லை. வீட்டில் நின்று கேக் வெட்டி, சர்பத் கரைத்து, பாப்பா யாரென்றே தெரியாதவள் போல வரவேற்பதுதான் என் பங்கு. அவரும் அந்நிய வீட்டுக்கு வந்தவர் போல வாசலில் நின்று இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வைப்பார். அதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனச்சாட்சி இடம் கொடுத்ததில்லை. செருப்புக்குள் கல் புகுந்தவர் செய்வது போன்ற ஏதோ ஒன்று. இதைப் பார்க்கவா ஊர் கூடுகிறது என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்வேன்.

“எப்பிடிப் போச்சு?” என்று பிறகு கேட்டால், “பரவாயில்ல” என்பார். அன்றைய மாத்திரை தீர்ந்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை, கடைத் திறப்புக் கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கியவர் அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான். போகும்போதும் சொல் செலவழிக்கவில்லை.

கார்த்திகை முடியச் சேவியர் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். இளைப்பாறிய கணக்கு வாத்தியார். கோயில் சபைக்கும் அவரே தலைவர், பாட்டுக்குழுவுக்கும் அவரே தலைவர். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

“டீச்சர், இந்த முறை பாப்பா இல்லாமலே போவம் எண்டு முடிவெடுத்திருக்கம். உங்கட மனம் நோகக் கூடாது தானே.”

“நல்லது மாஸ்டர்.”

“பிறகும் அது அப்பிடியே விடுபட்டாலும் பரவாயில்ல. பாட்டுத்தானே முக்கியம்.”

அவர் போன பிறகுதான் அந்த இரண்டாவது வாக்கியம் என்னைக் குத்தியது. எங்கள் கோயிலில் ஒரு வருடம் விட்டது மறுபடி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. பாஸ்கு நாடகம் அப்படித்தான் போனது. யூதாசாக நடித்தவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். ஒரு வருடம் விட்டுப் பார்ப்போம் என்றார்கள். இயேசு தயாராகத்தான் இருந்தார், காட்டிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. பாப்பாவும் இந்த ஒரு வருடம் போகாவிட்டால் அமலனின் சிவப்பு உடுப்பு பழந்துணி ஆகிவிடும். அவருடைய அந்தச் சுமாரான ஆட்டம் உலகத்தில் நடக்கவே இல்லை என்றாகிவிடும். மற்ற எல்லாவற்றையும் தாங்கப் பழகிக்கொண்டிருந்த எனக்கு இது மட்டும் தாங்கவில்லை. வேறு ஒருவன் அந்த உடுப்பைப் போடுவதும் தாங்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள். கண்ணாடியில் பார்த்தேன். கால் மாற்றி வைப்பது என்ன பெரிய வித்தையா?

உடுப்பைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். மசூதா ராத்தா வீட்டோடு தையல் தைக்கிறவர். எனக்கு அக்கா முறை.

“ராத்தா, இத என்ட அளவுக்குப் பிடிச்சுத் தைக்கணும்.”

ராத்தா உடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “உனக்கென்ன புள்ள, விசரா? வருசம் திரும்பல்ல. ஊரு என்ன கதைக்கும்?”

“முகமூடிக்குள்ள ஆர் எண்டு ஊருக்குத் தெரியாது.”

“நடையப் பாத்தாத் தெரியாதா? நீ நடந்தா வாத்து நடந்த மாதிரி இரிக்கும்.”

“பாப்பாவும் அப்பிடித்தானே ராத்தா நடக்கிறது.”

அது அவருக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். “கையத் தூக்கு” என்று அளவு நாடாவை எடுத்தார். “மனிசன் மௌத்தாப் போனா நாங்க ஊட்டுக்குள்ள இத்தா இரிப்பம். நீ என்னண்டா லேண்ட்மாஸ்டர்ல ஏறி ஆடப்போறாய்” என்று பிறகு சொன்னார். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு சொன்னதால், ஏசுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

மிச்சப் பொறுப்பை அவருடைய கணவர் ஹனீபா காக்கா எடுத்தார். லேண்ட்மாஸ்டர் அவருடையதுதான். உழவில்லாத ஞாயிறு என்பதால் வருடா வருடம் கரோலுக்கு அவரே ஓட்டி வருவார். மாஸ்டரிடம் அவர் போய்ச் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

“மாஸ்டர், பாப்பா வேஷம் போட ஒரு பொடியன் ஆசப்படுறான். டீச்சரும் உடுப்பத் தாறன் எண்டு சொல்லிட்டா. பேர மட்டும் கேக்காதீங்க. ஊட்டாக்களுக்குத் தெரிஞ்சாப் பெரிய பிரச்சினையாப் போகும்.”

பொடியன் என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாம் சத்தியம். மாஸ்டர் கணக்கு வாத்தியார் அல்லவா, ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்த்தார். சொல்வது ஹனீபா. பேர் சொல்லக் கூடாதாம். வீட்டில் தெரிந்தால் பிரச்சினையாம். அப்படியானால் நிந்தவூர்ப் பக்கத்து முஸ்லிம் பொடியன் ஒருவன், நத்தார் பாப்பாவாக ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். மாஸ்டரின் மனம் உருகிவிட்டது. சபையின் முடிவைத் தனியாளாக மாற்றினார். அந்தப் பிள்ளையின் மார்க்கத்துக்கு எங்கள் கையால் ஒரு குறையும் வரக்கூடாது என்று உள்ளுக்குள் சபதமும் எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஹனீபா காக்கா சொன்னது, “எல்லாம் சரி வந்துட்டு” என்பது மட்டும்.

இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம், நான் படுத்திருப்பேன் என்று மாஸ்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, ஞாயிறு பின்னேரம் ராத்தாவின் பின்வளவால் போய் லேண்ட்மாஸ்டரில் ஏறினேன். முகமூடிக்குள் உலகம் இரண்டு துவாரம்தான். நான் விட்ட மூச்சே சூடாகத் திரும்பி வந்து என் கன்னத்தைத் தொட்டது. அதில் பூச்சி உருண்டையும் அமலனும் கலந்திருந்தார்கள். றபான் மேளம் ஒலித்தது. நான் கால் மாற்றி வைத்தேன். பெட்டியில் இருந்தவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

முதல் நிறுத்தமே பொறியாகப் போய்விட்டது. பட்டினத்தில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவரின் கடை. கிறிஸ்தவக் கடை அல்லவே, ஏன் நிற்கிறோம் என்று நான் யோசிப்பதற்குள் ஹாஜியார் எழும்பிவிட்டார்.

“பாப்பா வந்துட்டாருடா! தராச இழுங்கடா!”

என்னைத் தூக்காத குறையாக மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். முள்ளு கொஞ்சம் அசைந்துவிட்டு நின்றுகொண்டது.

“என்னடா இது? போன வருசத்துல பாதிதான் காட்டுது! பாப்பாவுக்குச் சீனி வருத்தமா?”

தெருவே சிரித்தது. ஹாஜியார் என் தோளில் தட்டினார். “புது ஆள் போல. தம்பி, பழைய பாப்பா இதுல ஏறினா இறங்கமாட்டாரு. 'என்ட நிறைக்கு டொபி தந்தாத்தான் இறங்குவன்' எண்டு கையால காட்டிட்டு, தராசக் கட்டிப் புடிச்சிட்டு நிப்பாரு. நாலு பேர் சேந்து பிய்ச்சு எடுக்கணும். அந்தக் கூத்தப் பாக்கவே ஞாயிறும் நான் கடை திறக்கிற.”

அமலனா? மிச்சக் காசு ஐந்து ரூபா கூட வந்துவிட்டால் வெயிலில் திரும்பி நடக்கிற அமலனா?

“நல்ல மனிசன்,” என்றார் ஹாஜியார். “ஊட்ட வாயே தொறக்கமாட்டாராம்.”

மூட்டை சுமக்கிறவர் ஒருவர் பின்னாலிருந்து சொன்னார்: “பொஞ்சாதி கவித எழுதுற டீச்சர் ஹாஜியார். அந்தாளுக்குக் கதைக்க எங்க இடம் உட்டா?”

மறுபடியும் தெரு சிரித்தது. முகமூடிக்குள் என் வாய் திறந்து, ஒரு முழு வசனகவிதை அளவுக்குத் தயாராகி, மூடிக்கொண்டது. என் வாழ்க்கையில் நான் பதில் சொல்லாமல் விட்ட முதல் விமர்சனம் அதுதான்.

“கட்டிப் புடி தம்பி, அதான் முறை” என்றார் ஹாஜியார். கட்டிப் பிடித்தேன். தராசின் இரும்பு குளிர்ந்திருந்தது. ஒரு பை டொபி கிடைத்தது.

பட்டினம் தாண்டுவதற்குள் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வழமைபோல றபானை நிறுத்தி லேண்ட்மாஸ்டரை ஓரமாக்கினோம். மாஸ்டர் பெட்டிக்குள் தவழ்ந்து என் பக்கத்தில் வந்து காதுக்குள் சொன்னார்:

“தம்பி, தொழுறதெண்டாப் போயிட்டு வா. நாங்க நிக்கிறம். தாடியையும் வயித்தையும் நான் வச்சிருக்கிறன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ பகிடி என்று நினைத்து இல்லை என்று தலையாட்டினேன். மாஸ்டரின் முகம் வாடிப்போனது. “இந்தக் காலத்துப் பொடியன்மார்” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். முன்னால் ஹனீபா காக்காவின் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. (இயந்திரத்தின் குலுக்கல் என்று அப்போது நினைத்தேன். இயந்திரம் நிறுத்தியிருந்தது.)

அதன் பிறகு எந்த வீட்டில் எதை நீட்டினாலும் மாஸ்டர் குறுக்கே விழுந்தார். கட்லட்டை என்னிடம் விடுவதற்கு முன் முகர்ந்து பார்த்து, “இதுக்க என்ன இறைச்சி?” என்று விசாரித்தார். கேக்கை வாங்கி ஓரமாக வைத்து, “பிராந்தி கிராந்தி ஊத்தினதோ?” என்று கேட்டார். நான் பசியில் வாடினேன். கோயில் சபை ஏன் திடீரென்று நத்தார் பாப்பாவை உபவாசத்தில் போட்டது என்று வியந்தேன்.

சொறிக்கல்முனைக்குப் போகும் வழியெல்லாம் வயல் முழங்கால் பச்சையில் நின்றது. வானம் தாழ இறங்கி நெற்பயிரின் நுனியை முகர்ந்துகொண்டிருந்தது. யோசேப்பு அண்ணன் வீட்டில் மூன்றாவது பாட்டு நடக்கும்போது மழை பிடித்தது. எல்லாரும் தாழ்வாரத்துக்குள் ஒதுங்க, யோசேப்பு அண்ணன் என் கையைப் பிடித்துக் குசினிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். வயல் செய்கிற கமக்காரர், பெரிய கை. ஒரு பித்தளைத் தம்ளரை அந்தக் கை நீட்டியது.

“புது ஆளோ? இந்தா, பழைய ஆளுட பங்கு.”

எனக்கு நிம்மதி. அமலன் எப்போதோ சொல்லியிருக்கிறார், சொறிக்கல்முனையில் ஒரு வீட்டில் மழைக் குளிருக்குக் கொத்தமல்லி அவித்துத் தருவார்கள் என்று. முகமூடியைக் கொஞ்சம் உயர்த்தி மூக்கருகே கொண்டுபோனேன். அப்படி மணக்கிற கொத்தமல்லி எந்தத் தோட்டத்திலும் விளைவதில்லை.

“யோசிக்காத தம்பி. அவர் ரெண்டே இழுவையில முடிச்சிடுவார்.”

இத்தனை வருடமும் எனக்குச் சொன்ன கொத்தமல்லி இதுதானா! அவரைப் பிடித்துக் கேட்க அவர் இல்லை. அந்தக் கோபத்தில் ஒரே இழுவையில் முடித்தேன். தொண்டையிலிருந்து கால் பெருவிரல் வரை ஒரு கோடு எரிந்துகொண்டே போனது.

“அடேயப்பா!” என்றார் யோசேப்பு அண்ணன் மரியாதையோடு. பிறகு பக்கத்திலிருந்த அம்மிக்கல்லைத் தட்டிக் காட்டினார். “குடிச்சிட்டு இதிலதான் இருப்பார். ஒவ்வொரு வருசமும் ஒரே கதைதான். 'யோசேப்பு, மத்த வீடுகளில எனக்குப் பயமில்ல. கடைசி வீடு கிட்ட வரக்கதான் கால் பின்னுது. அங்க ஒரு ஆள் வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருக்கும். அந்த ஆளுக்கு முன்னால மட்டும் எனக்கு ஆட வருகுதில்ல' எண்டுவார். கலியாணம் கட்டி எத்தினை காலம்! அந்தாளுக்கு இன்னும் பொஞ்சாதியக் கண்டா வெக்கம் தம்பி!”

நான் அம்மிக்கல்லில் இருந்தேன். வாழையிலையில் மழை பேசிக்கொண்டே இருந்தது. அதற்கு நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பிளாஸ்டிக் முகத்துக்குள் அழுதால் கண்ணீருக்குப் போக வழியில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. உள்ளுக்குள்ளேயே வழிந்து, தாடிப் பஞ்சில் இறங்கி, தாடி கனக்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் குடையோடு வந்தார். தம்ளரைக் கண்டார். எடுத்து முகர்ந்தார். 

“யோசேப்பு! அட பாவி! என்ன வேலை செஞ்ச நீ? இது குடிக்கக் கூடாத பிள்ளையடா! இவன்ட வாப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவன்?”

“ஆர்ட வாப்பா?” என்றார் யோசேப்பு அண்ணன்.

“தம்பி, துப்பு! துப்பு மகன்! தெரியாமச் செஞ்சது, ஆண்டவன் மன்னிப்பான், துப்பு!”

வாப்பா என்ற சொல் என் தலைக்குள் மெதுவாகச் சுற்றி வந்து உட்கார்ந்தது. அஸர், கட்லட், கேக் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. அழுகைக்கு நடுவே சிரிப்பு வெடித்தது. அதுவும் வகுப்பறையின் கடைசி வாங்கு வரை கேட்கிற என் சொந்தச் சிரிப்பு. மாஸ்டரின் வாய் திறந்தபடி நின்றது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஓடு.

ஓடினேன். முற்றம் முடிய வயல் வரம்பு. மழையில் ஊறிய களிமண். காலில் அமலனின் பெரிய சப்பாத்து. வயிற்றில் அமலனின் பங்கு. எனக்குப் பின்னால் “தம்பி, நில்!” என்று குடையோடு மாஸ்டர். மாஸ்டருக்குப் பின்னால், “ஆர்ட வாப்பா? சொல்லிப்போட்டு ஓடுங்க!” என்று யோசேப்பு அண்ணன். இது புதுப் பாப்பாவின் விசேட ஆட்டம் என்று நினைத்த பாட்டுக்குழு தாழ்வாரத்திலிருந்து றபானை வேகமாக அடித்தது. ஒரு குரல், “இப்பதான் ஆடத் தொடங்கியிருக்கார்!” என்று உற்சாகப்படுத்தியது.

வரம்பு திரும்பியது. நான் திரும்பவில்லை. நேரே வாய்க்காலுக்குள் போனேன்.

எழும்பி நின்றபோது தண்ணீர் இடுப்பளவு. முகமூடி சிரித்த முகத்தோடு தனியே மிதந்து போய்க்கொண்டிருந்தது. தலையணை வயிறு அதைப் பின்தொடர்ந்தது. சிவப்பு உடுப்பு சாயம் விட்டு வாய்க்கால் முழுதும் சிவந்தது. நைல் நதி இரத்தமான அன்று எகிப்தியர் நின்ற மாதிரி எல்லாரும் வரம்பில் நின்றார்கள்.

“ஐயோ, இது பொம்பிளை!” என்றார் யோசேப்பு அண்ணனின் மனைவி.

“ஆண்டவரே, டீச்சருக்கெல்லோ சாராயம் குடுத்திட்டன்!” என்றார் யோசேப்பு அண்ணன்.

தெருவில் லேண்ட்மாஸ்டருக்குப் பக்கத்திலிருந்து ஹனீபா காக்காவின் குரல் வந்தது: “மாஸ்டர், பேரக் கேக்காதீங்க எண்டு நான் அப்பவே சொன்னான்தானே.”

ஒரு தமிழ் டீச்சருக்குரிய கௌரவத்தோடு ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. “கொத்தமல்லி கொஞ்சம் கூடிப்போச்சு” என்றேன்.

மாஸ்டர் வரம்பின் நுனிக்கு வந்தார். குடையை மடக்கி, பிடியை என் பக்கம் நீட்டினார். மழை அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்து தெறித்தது.

லேண்ட்மாஸ்டர் கல்முனைக்கு வருவதற்கு முன்னமே யாரோ போனில் எடுத்த வீடியோ, அப்போது கொழும்பில் இருந்த என் மகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் நான் வீட்டில் இருமினால், “அம்மாவுக்குக் கொத்தமல்லி வேணுமாம்” என்று அவள் குசினியிலிருந்து சத்தம் போடுவாள். தன்னைப் பெண்பார்க்க வந்தவர்களுக்கு முன்னாலும் சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்த அந்தப் பையன்தான் இப்போது எனக்கு மருமகன். அரிசி வாங்கப் போனால் ஹாஜியார் தராசைக் காட்டி, “ஏறுறீங்களா டீச்சர்?” என்று மிகுந்த பணிவோடு கேட்பார். சாயம் என் கையை விட்டுப் போகவில்லை. அந்த வருட நத்தார்ப் பூசையில் நற்கருணைக்கு நீட்டிய கை செவ்வரத்தம்பூ நிறத்தில் இருந்தது. ஃபாதர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஊர் என்ன கதைத்தது என்று கேட்கிறீர்களா? கதைத்தது. கொஞ்ச நாள் கழித்துத் தானாகவே சிரித்துக்கொண்டது.

ஆனால் அந்தப் பின்னேரம் நான் சிரிக்கிற நிலையில் இல்லை. நெல்லு மூடும் தரப்பாளைப் போர்த்திக்கொண்டு பெட்டியின் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது, பாப்பா கதைக்கு நானே முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன், இனி எந்தச் சபை இதை அனுமதிக்கும் என்றுதான் மனம் ஓடியது. மழை விடவில்லை. மிச்ச வீடுகளுக்குப் போகாமலே திரும்பினோம். ஒருவரும் பாடவில்லை.

எங்கள் கேற்றடியில் மசூதா ராத்தா துவாயோடு நின்றார். என்னைச் சுற்றி வந்து பார்த்தார். “தையல் பிரிஞ்சிச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அதுதானே,” என்று திருப்தியோடு தலையைத் துவட்டத் தொடங்கினார்.

மாஸ்டரும் இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“பாண்டிருப்புப் பக்கம் இன்னும் கொஞ்ச வீடு மிச்சம் கிடக்கு டீச்சர். அந்த வீடுகளில அவர் என்ன செய்தவர் எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது மாஸ்டர்.”

அவர் லேண்ட்மாஸ்டரில் ஏறிக் குடையை விரித்தார்.

“நானும் சொல்லமாட்டன். நாளைக்கு மழை விட்டா வெளிக்கிட்டு நில்லுங்க.”